கடைசி பஸ்

பீடி இலை வெட்டும் கத்தரியின் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு பச்சை அட்டை நோட்டு ஞாபகத்துக்கு வரும். கணக்கு நோட்டுதான். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கதைக் கருக்களாக எழுதி நிரப்பியிருந்தேன். கிணற்றில் விழுந்த பித்தளைக் குடம். தபால்காரருக்கு வந்த கடிதம். ஆலங்குளத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன, ஒன்றுகூடக் கதையாகவில்லை. ராத்திரி அந்த நோட்டைப் புரட்டினாலே நிறைய எழுதிவிட்டது மாதிரி இருக்கும். அந்த நிறைவுதான் என்னை எழுதவிடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நூலகத்தில் எடுத்து வந்ததெல்லாம் பெரும்பாலும் முடித்தவர்களின் புத்தகங்கள். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' சரஸ்வதி இதழில் சில அத்தியாயங்களோடு நின்றுபோய், 1966-ல்தான் முழு நாவலாக வந்தது. நடுவே கிடந்த அந்த வருஷங்களைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' அப்படி முடியவில்லை. 1948-ல் அவரைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. அதை எடுத்தால் இன்றும் மனசு பதறும். அவருக்கு நாள் இல்லை. எனக்கு இருந்தது.

அம்மா திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுவாள். நனைத்த இலையை அளவுத் தகட்டின்மேல் வைத்து வெட்டி, தூள் போட்டு உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இழுப்பாள். ஆயிரத்துக்குத்தான் கூலி. தொள்ளாயிரத்தில் எழுந்துவிட முடியாது. ஒருநாள் பஸ் கதையின் முதல் இரண்டு பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கைவேலை நிற்காமலே கேட்டாள்.

"ஏய்யா, அந்தப் பொம்பள ராத்திரி என்ன சாப்பிட்டா?"

"தெரியலம்மா. இன்னும் எழுதல."

"பின்ன என்னத்துக்குப் படிச்சுக் காட்டுத? அவ பசியோட உக்காந்திருக்காள்லா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பஸ் நிலையத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் அவ்வளவு எழுதியிருந்தேன், அந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். பதினோரு நாள் ஆனது. டீக்கடை மூடும் நேரத்தில் ஆறிப்போன இரண்டு இட்லி அவளுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு கதை தானாக நடந்தது.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை வைத்து ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொண்டேன். புத்தகங்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களையும் 1997-ல், எண்பது வயது தாண்டிய பிறகு, தாமே வெளியிட்டார். எழுதியதை வாசிப்பவர் கையில் சேர்ப்பதும் எழுத்து வேலைதான் அவருக்கு. அடித்துத் திருத்திப் படியெடுத்து வேறு இதழுக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து அச்சில் வந்தது.

திண்ணையில் உட்கார்ந்து முழுதாக வாசித்தேன். இட்லி வந்த இடத்தில் கத்தரிச் சத்தம் நின்றது. நான் நிமிரவில்லை. கடைசி வரி முடிந்தது.

"காலைல மொத பஸ்ல ஏறிட்டாள்லா?" என்று கேட்டுவிட்டு, அம்மா அடுத்த இலையை எடுத்தாள்.