திரும்பி வர ரோடு எங்கே?

மூன்றாம் வருஷ மினி புராஜெக்ட். நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு போர்டு செய்தோம். டிசைன் நான், சால்டரிங் அவன். போர்டு நன்றாகவே வேலை செய்தது. ஆனால், பக்கத்தில் எஃப்.எம். ரேடியோவை வைத்தால் பாட்டுக்கு நடுவே ஒரே கரகர!

"உன் சால்டரிங்தான்டா சொதப்பல்" என்றேன். பாவம், மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லா முனையையும் மறுபடி வைத்தான். கரகர போகவில்லை. எங்களுக்குள் பேச்சுதான் போனது.

அப்புறம் இன்டர்ன்ஷிப். அங்கே லேபில் எல்லோரும் 'ஈ.எம்.ஐ., ஈ.எம்.ஐ.' என்றார்கள். மாதத் தவணை இல்லை பாஸ்... மின்காந்தக் குறுக்கீடு! சிஸ்பர் 32 தரப்படி, வீட்டில் பயன்படும் டி.வி., கம்ப்யூட்டர் மாதிரி கருவிகளில் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை கசிவு, 10 மீட்டர் தள்ளி அளந்தால், மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாதாம். அவ்வளவு கறார்!

ஒருநாள் எங்கள் போர்டை எடுத்துப் போனேன். லேப் அண்ணா கோ-ஆக்சியல் கேபிள் முனையைச் சின்ன வளையமாக வளைத்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாட்டி, போர்டு மேல் மெதுவாக நகர்த்தினார். 48, 80, 112 மெகாஹெர்ட்ஸில் ஊசி ஊசியாக எழும்பியது. "எல்லாமே 16-ஓட மடங்கு. உன் கிளாக்தான் கத்துது" என்றார். சத்தம் அதிகமான இடத்தில் போர்டைத் திருப்பினார். அடியில் கிரவுண்ட் காப்பரில் நீளமாக ஒரு வெட்டு. இடம் பத்தவில்லை என்று, எல்.இ.டி.க்கு லைன் இழுக்க நான் வெட்டியது!

"தம்பி, கரன்ட் போக ரோடு போட்டே. திரும்பி வர ரோடு எங்கே?"

அப்போதுதான் புரிந்தது. மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் கரன்ட், போன லைனுக்கு நேர் கீழேயே திரும்பும். இண்டக்டன்ஸ் அங்கேதான் குறைவு. நடுவில் ரோட்டை வெட்டிப் போட்டால், பஸ் ஊரைச் சுற்றுகிற மாதிரி அதுவும் சுற்றும். அந்தச் சுற்றுதான் ஆன்டெனா! நான் வேண்டாமலே ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் கட்டியிருக்கிறேன்.

கிளாக் லைனுக்குக் கீழே, வெட்டின் மேல் பாலம் மாதிரி ஒரு செம்புப் பட்டையைச் சால்டர் செய்தோம். 80 மெகாஹெர்ட்ஸ் ஊசி 12 டெசிபல் இறங்கியது. அதாவது, கால் பங்காகிவிட்டது.

சந்தோஷம் அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் அந்த மூன்று ராத்திரி ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

"சால்டரிங்ல தப்பே இல்லடா. கிரவுண்டை வெட்டினது நான்தான்... ஸாரி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மூணு ராத்திரிக்கு மூணு செட் பரோட்டா" என்றான்.

வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது அடுத்த போர்டு போட்டுக்கொண்டிருக்கிறோம். லைன் இழுப்பதற்கு முன், அது திரும்பி வருகிற வழியைத்தான் முதலில் பார்க்கிறேன். யாரையாவது குறை சொல்வதற்கு முன்பும்தான்!