சங்கடப்படலை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாயிலில் அமைந்த சங்கடப்படலையின் கூரைநிழலில் வழிப்போக்கர் எவரும் கேளாமலே இளைப்பாறலாம். உள்வீடு புகும் உரிமை அதனால் அவர்க்கு வந்துவிடுவதில்லை. கோப்புப் பகிர்வுக்கும் இவ்வேறுபாடு உண்டென்பதை ஒரு குடும்பம் இழப்பின் பின்னரே அறிந்தது.

அக்குடும்பத்தின் மூத்த பேர்த்தியிடம், மறைந்த அம்மம்மா பாடிய தாலாட்டு, ஒப்பாரிகளின் 40 ஒலிப்பதிவுகள் இருந்தன. வீட்டார் யாவரும் தத்தம் கருவியிற் கேட்கட்டும் என்றெண்ணி, இரு வட்டுகள் கொண்ட பழைய சேமிப்புப் பெட்டியொன்றை வாங்கி வீட்டு வலையமைப்பில் இணைத்தாள்.

இத்தகைய பெட்டிகள் பலவற்றில் இயங்குவது சாம்பா என்னும் இலவச மென்பொருள். நம் செவிக்கு அது அரிசியின் பெயராகவே ஒலிக்கும். அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 இல் அதன் முதல் வடிவை வெளியிட்டார். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் மூன்றெழுத்துகளும் அடங்கிய சொல்லை அகராதியிலே தேடிப் பின்னர் அப்பெயரை இட்டார்.

பெட்டி முதலிற் கணினிக்குத் தென்படவில்லை. அதில் எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பே இயங்கியது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் தீநிரல் அதன் குறைபாட்டைப் பற்றிக்கொண்டு உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதலாக அது வழமையாக நிறுவப்படுவதில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்திற் பிந்திய பதிப்பைத் தெரிந்ததும் இணைப்புக் கிடைத்தது.

கடவுச்சொல் தாயாருக்குத் தொல்லையாகும் என்று, வாசிக்கவும் எழுதவும் எல்லோருக்கும் அனுமதி வழங்கினாள். அன்பினாற் செய்த பிழைதான். விடுமுறைக்கு வந்த மைத்துனன், திரைப்படங்களுக்கு இடம் தேடி, பெயரிடாத கோப்புறையொன்றை அழித்தான். வலையமைப்பின் வழியே அழித்தவை கணினியின் குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. இரு வட்டுகளும் ஒன்றையொன்று பிரதிசெய்பவை. ஒரு வட்டுப் பழுதுற்றால் மற்றது காக்கும். அழிப்பையோ இரண்டும் அக்கணமே ஏற்றுக்கொண்டன. தனிப் பிரதி எடுத்துவைத்தல் வேறு காரியம் என்பது அவளுக்கு அன்று விளங்கிற்று.

இப்போது திரைப்படக் கோப்புறை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பாடற் கோப்புறையை மற்றோர் வாசிக்க மட்டுமே இயலும். அதன் பிரதியைக் கொண்ட வட்டு, எதனுடனும் இணைக்கப்படாமல், சின்னம்மா வீட்டு அலுமாரியில் உள்ளது. தாயாரின் பழைய கைத்தொலைபேசியிலிருந்து 11 பாடல்கள் மீண்டன. பன்னிரண்டாவதைத் தாயாரே நினைவிலிருந்து பாடிப் பதிவு செய்தார். இடையில் இரண்டு அடிகள் வரவில்லை.