வேப்பங்கட்டில்

அப்பாவுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். அதனால் கட்டிலைக் கழற்றி லாரியில் அடுக்க முடியவேண்டும், நாலு மூலைக்கும் போல்ட்டும் நட்டும்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆசாரி உளி தீட்டுகிற கையை நிறுத்தவில்லை. "கட்டிலுக்கு இரும்பு எதுக்கு தம்பி? நாக்கு இறக்கி முளை அடிச்சா உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்" என்றார்.

அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுத் தொழுவம். 1970களின் ஒரு சித்திரை விடுமுறை. கிணற்றடியில் நின்ற வேம்பை அறுத்து, பலகைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து, காற்றோட்டமாக ஒரு வருஷத்துக்கு மேல் தாத்தா காயப்போட்டிருந்தார். வெளிறிய மேல்மரத்தை ஆசாரி இரக்கமில்லாமல் கழித்தார். அதுதான் உளுக்கும், உள்ளே சிவந்திருக்கும் வைரம் உளுக்காது. இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுந்த சீவலை அள்ளப் போனால் தொண்டைவரை கசக்கும்.

வாக்குவாதம் இரண்டு நாளாவது ஓடியிருக்கும். கடைசியில் தாத்தா தீர்த்துவைத்தார். தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் அந்தந்தக் கால்களோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கட்டும். நீளச் சட்டங்கள் இரண்டுக்கு மட்டும் போல்ட்டு. கழற்றினால் இரண்டு ஏணி மாதிரியும் இரண்டு சட்டமாகவும் பிரிந்துவிடும். இப்போது யோசித்தாலும் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

முளை அடிப்பதில் ஆசாரியின் கைவேலை இருந்தது. சட்டத்து முனையை, அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, நாக்காகச் செதுக்குவார். காலில் பொளிந்த குழியை ஊடுருவிக் குறுக்காகத் துறப்பணத்தால் ஒரு துளை. கயிறு இழுக்கிற வேலை எனக்கு. பிறகு நாக்கைக் குழிக்குள் இறக்கி, துளை வழியாக ஆணி முனையால் குறி வைத்துவிட்டு உருவுவார். நாக்கில் துளை போடுவது அந்தக் குறியில் இல்லை. அரை நூல் தள்ளி, சட்டத்தின் தோள் பக்கமாக. துளை கோணிவிட்டதே என்று நான் பதறினேன். அவர் மறுபடி பூட்டி, முனை சீவிய மூங்கில் முளையைக் கொட்டாப்புளியால் தட்டினார். முளை இரண்டு துளைக்கும் நடுவே வளைந்து நெளிந்து நுழைய நுழைய, சட்டம் தானாகவே காலை நோக்கி இழுபட்டது. இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கீற்று மூடிக்கொண்டது. பசை ஒரு சொட்டு இல்லை.

நீளச் சட்டத்திலும் அவர் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. போல்ட்டு போகிற இடத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு குட்டி நாக்கு வைத்தார். பாரத்தையும் முறுக்கலையும் நாக்கு தாங்கும், போல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிற வேலை மட்டும்தான். நட்டு உட்காரச் சட்டத்தின் உட்புறம் ஒரு பொந்து, முனையை விட்டு நன்றாகத் தள்ளி. முனைக்குப் பக்கத்தில் வைத்தால் மரம் பிளந்துவிடும்.

அப்பா மூன்று அங்குல உயரச் சட்டம் போதும், மரம் மிச்சம் என்றார். ஆசாரி ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. "எடையினால கட்டில் போகாது தம்பி, ஆட்டத்தினாலதான் போகும்." சட்டம் உயரமாக இருந்தால் காலோடு பொருந்துகிற தோளும் நீளும், கால் சாயாது. சட்டத்தின் உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்று பின்னாளில் கல்லூரியில் படித்தேன். அவர் அந்தக் கணக்கை இடுப்பால் போட்டார். கட்டிலைப் பூட்டி நிறுத்தியதும் ஒரு காலில் இடுப்பை முட்டுக் கொடுத்து ஆட்டிப் பார்த்தார். திருப்தியில்லை. அடியில் நாலு மூலைக்கும் முக்கோணக் கட்டைகள் வைத்துத் திருகாணி முடுக்கினார். அதற்கு அவர் இரும்பைக் குறை சொல்லவில்லை. மேலே பலகை பரப்பியது அரை நாள் வேலை.

பங்குனி வெயிலில் போல்ட்டுகள் தளரும். அப்பா ஸ்பானரோடு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து முறுக்குவார். முளை அடித்த மூலைகளை யாரும் தொட நேர்ந்ததில்லை. மறுவருஷம் ஆசாரி அதே தெருவில் வேறு வீட்டுக்கும் இதே மாதிரி கட்டில் செய்தார். பாதி முளை, பாதி போல்ட்டு என்பது தன்னுடைய யோசனை என்று அங்கே சொன்னாராம். ஆச்சி கடிதத்தில் எழுதியிருந்தாள். அப்பா அதைப் படித்துவிட்டு, போல்ட்டு கேட்டது நான்தானே என்று அம்மாவிடம் வெகுநாள் புலம்பிக்கொண்டிருந்தார்.