கதவுக்கு ஒரு கண்

அம்மாவின் அறைக் கதவில் எட்டு அங்குலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி வைக்க வேண்டும் என்றதும் ஆசாரி கேட்ட முதல் கேள்வி: "யார் கண்ணு உயரத்துக்கு சார்?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பார்க்கப் போவது நாங்கள். ஏசிக்காகச் சாத்திய கதவை, தூங்குகிறாளா என்று பார்க்கத் திறந்தால் கீல் முனகும், அம்மா விழித்துக்கொள்வாள். என் கண்ணுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்தேன்.

ஆசாரி பேசாமல் உள்ளே போனார். கட்டிலோரம் மண்டிபோட்டு, தலையை அம்மாவின் தலையணை உயரத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக் கதவைப் பார்த்தார். "இங்கேருந்து பார்த்தா அம்மாவுக்கு கூடத்து ஃபேன்தான் சார் தெரியும்" என்றார்.

ஜன்னலுக்குத் தமிழில் காலதர் என்று ஒரு பழைய சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. போர்த்துக்கீசியரிடமிருந்து ஜன்னல் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சிலப்பதிகாரத்தில் புகாரின் மாளிகைகளுக்கு இளங்கோ வைத்தவை காலதர்கள்தான். அதோடு விட்டாரா, அவற்றை மானின் கண்ணுக்கு ஒப்பிட்டார். சம்ஸ்கிருதத்தில் கவாட்சம், அது பசுவின் கண். பிரெஞ்சுக்காரர்கள் வட்ட ஜன்னலை எருதின் கண் என்கிறார்கள். வெர்சாய் அரண்மனையில் அந்தப் பெயரிலேயே ஒரு கூடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் விண்டோ, காற்றின் கண் என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவரையொருவர் அறியாத ஊர்களில், சுவரில் துளை போட்டவர்களுக்கெல்லாம் கண்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. என் கதவுத் துளையைக் கண்ணாடி அடைத்துவிடும். காற்றுக்கு வழி இல்லை. மிஞ்சுவது கண் மட்டும். கண் என்றால் அது யாருடையது என்று கேட்கத்தானே வேண்டும்? ஆசாரி கேட்டார்.

மூன்றேகால் அடிக்குப் புள்ளி மாறியது. அங்கே ஓர் ஆணி, அதில் நூல், நூல் முனையில் பென்சில். ஒரே சுற்றில் வட்டம் விழுந்தது. டிரில்லில் ஓட்டை போட்டு, ஜிக்சா பிளேடை அதில் இறக்கி, கோட்டோடு மெதுவாக ஓட்டினார். "சதுரம்னா சுலபம். ஆனா விரிசல் மூலையிலேருந்துதான் ஓடும்" என்றார். 1954-ல் இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் விழுந்தபின், அதே ரக விமானம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உடல் கிழிந்தது ஒரு திறப்பின் மூலையில். ஆசாரிக்கு அதைப் பலகையே சொல்லிக்கொடுத்திருந்தது.

டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு அறுக்க முடியாது. அதனால் துளையை நான்கு பக்கமும் அளந்து, சுற்றிலும் நூலிழை இடம் விட்டுத்தான் கண்ணாடிக் கடைக்கு அளவு கொடுத்தார். கண்ணாடி வந்ததும் இரு பக்கமும் தேக்கு பீடிங். ஒவ்வொரு வளையமும் நான்கு வில்லாக அறுத்து ஒட்டியது. இணைப்பை விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை. அறுத்தெடுத்த வட்டப் பலகையை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது தண்ணீர்ச் சொம்புக்கு அதுதான் மூடி.

அறைக்குள் பார்க்க வேண்டுமென்றால் நான் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். என் ஐந்து வயது மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. நின்றால் மூக்கு கண்ணாடியில் படுகிறது. உள்ளேயிருந்து அம்மா கையாட்டுகிறாள். யார் வந்தார்கள், யார் செருப்பைத் தேடுகிறார்கள், எல்லாம் படுத்தபடியே தெரிகிறது அவளுக்கு.

வைத்து நான்கு நாள் ஆகியிருக்கும். காலையில் காபி கொண்டுபோனபோது கேட்டாள்: "நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் சோபாவுல தனியா உட்கார்ந்திருந்தியே, என்னடா?"