மலைவாழையும் தந்தையாரின் கணக்கேடும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடரின் கீழ்மலைகள் நீல மதில்போல் நிற்கும். அம்மலையிடுக்கில் உள்ளவை வடகாடும் பாச்சலூரும். சிறுவயதில் தந்தையாருடன் யாம் அங்கு ஏறிச்சென்றதுண்டு.

சுலோவேனியா நாட்டில் செர்க்னிட்சா என்றொரு மலைநடு வயல்வெளி உண்டு. மழைக்காலத்தில் அங்கே ஏரி பெருகும். வறண்ட காலத்தில் சுண்ணாம்புப் பாறையின் துளைகள்வழி நீர் வடிந்து மறையும். மீன் பிடித்த இடத்திலேயே புல் அறுப்பர். எம் கீழ்மலையின் பாறையோ சார்னோகைட், சுண்ணாம்புக்கல்லைப்போல் கரைவதன்று. ஆதலின் நீர் கண்முன்னே இறங்கிவரும். பரப்பலாற்று அணையில் தேங்கி, விருப்பாட்சிப் பக்கம் தலையூத்தில் அருவியாய் வீழ்ந்து, நங்காஞ்சியாறாகி அமராவதியைச் சேரும். எம் மலையில் மறைந்தது வாழை.

விருப்பாட்சி வாழை காப்பித் தோட்டத்து நிழலில், வானத்தை நம்பி வளர்வது. நீர்ப்பதம் குறைந்த பழமாதலால் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அதுவே உகந்தது. தார்கள் குதிரை முதுகில் இறங்கிவரும் காட்சியை யாம் வாய்பிளந்து பார்த்திருக்கிறோம். (ஒருமுறை பழம் பறிக்க எத்தனித்துக் குதிரையிடம் கடிபட்டோம், அது வேறு கதை.) தந்தையார் தார் வாங்கி விற்பவர். தோட்டக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து ஏட்டில் குறித்து வைப்பார்.

1970களில் முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினி பரப்பும் நச்சுயிரி அது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாய் நின்றுவிடும், குலை தள்ளாது. பக்கக்கன்று எடுத்து நட்டாலோ நோயும் உடன் செல்லும். ஏறத்தாழ 18,000 எக்டேர் இருந்த மலைவாழை 2,000 எக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று.

ஒருநாள் மாலை, பாச்சலூர்த் தோட்டக்காரர் ஒருவர் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நெடுநேரம் தலை நிமிரவில்லை.

"ராவுத்தரே, மரமெல்லாம் வெட்டிப்புட்டேன். ஒங்க காசுக்கு என்ன வழின்னு தெரியல."

அத்தா உடனே விடை கூறவில்லை. அவ்வாண்டு எம் தமக்கையின் திருமணத்திற்கு நாள் குறித்திருந்தனர்; அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரை வெதைக்கு எவ்வளவு ஆகும், மாமா?" என்றார் அத்தா.

அம்மா சினந்து உள்ளே போய்விட்டார். அவர் சினத்திலும் நியாயம் இருந்ததென்றே இன்றும் கருதுகிறோம். திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

பின்னாளில் அவரையும் பீன்சும் சௌசௌவும் அம்மலையிலிருந்து எம்மூர்க் காய்கறிச் சந்தைக்கு வந்திறங்கின; கேரளத்திற்கும் சென்றன. திசு வளர்ப்பில் உருவான நோயற்ற கன்றுகளால் வாழையும் ஓரளவு மீண்டது. 2008இல் புவிசார் குறியீடும் கிட்டிற்று.

அத்தாவின் ஏடு எம்மிடம் உள்ளது. பாச்சலூர்க் கணக்கு, அவரைக்காய் மூட்டைகளாக, ஏழாண்டில் தீர்ந்திருக்கிறது. கடைசி வரியில் மட்டும் "வாழைத்தார் ஒன்று, கணக்கில் சேராது" என எழுதியிருக்கிறார்.