டென்னிஸ் ஆடுகளத்தில் தாகமும் ஸப்ரும்



சென்ற மே மாதத்தின் ஒரு முற்பகலில், பதினைந்து வயதான எங்கள் மகன் டென்னிஸ் ஆடுகளத்தில் சுருண்டு விழுந்தான். மூன்றாவது செட் நடந்துகொண்டிருந்தது. முதலில் கெண்டைக்கால் இழுத்தது, பிறகு தொடை, கடைசியில் மட்டையைப் பிடித்திருந்த விரல்கள் விரிய மறுத்தன. நிழலுக்குத் தூக்கிச் சென்று படுக்கவைத்தபோது வாந்தி எடுத்தான். எதிர்த்து ஆடிய சிறுவனின் தாயார் ஓடிவந்து, ஈரத்துண்டை அவன் கழுத்தில் சுற்றி, தம் பையிலிருந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை மிடறு மிடறாகப் புகட்டினார். அல்லாஹ் அந்தச் சகோதரிக்கு நற்கூலி வழங்குவானாக. அரைமணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தான்.

அவனுடைய பையை எடுத்துக் கட்டும்போதுதான் கவனித்தோம். காலையில் அவன் உம்மா நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

"ஏன் குடிக்கல?" என்று கேட்டோம்.

"நீங்கதானே வாப்பா சொல்லுவீங்க, தாகத்தைப் பொறுக்கிறதும் ஸப்ருன்னு. நோன்புல பதிமூணு மணி நேரம் இருக்கோம், இந்த ரெண்டு மணி நேரம் இருக்க முடியாதான்னு நினைச்சேன்."

அவனுக்கு விடையளிக்க எங்களிடம் சொல் இல்லை. பல ஆண்டுகளாக மதரஸாவில் ஸப்ரைப் பற்றிப் பாடம் நடத்தி வருகிறோம். பசி, தாகம், வெயில் ஆகியவற்றைப் பொறுத்துக்கொண்டோரின் வரலாறுகளைச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் எதற்காகப் பொறுத்தார்கள் என்பதையும் அதே அழுத்தத்துடன் சொன்னோமா என்பதில் இன்று ஐயம் வருகிறது. பிள்ளைகள் தாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

அன்றிரவு அபூ இஸ்ராயீல் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி நினைவுக்கு வந்தது. புகாரியில் இடம்பெற்றுள்ள செய்திதான், ஆண்டுதோறும் ஓதிக்கொடுப்பதுதான். நபி (ஸல்) அவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். விசாரித்தபோது, உட்காருவதில்லை, நிழலுக்கு ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை, நோன்பும் நோற்பது என்று அவர் நேர்ச்சை செய்திருப்பதாகத் தோழர்கள் கூறினர். பேசவும் நிழலுக்குச் செல்லவும் உட்காரவும் அவருக்குக் கட்டளை பிறந்தது. நோன்பை மட்டும் நிறைவுசெய்யுமாறு கூறப்பட்டது. மார்க்கம் கேட்ட தாகம் நிலைநிறுத்தப்பட்டது. அவராகச் சேர்த்துக்கொண்ட துன்பம் நீக்கப்பட்டது. இத்தனை தெளிவான பாடத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே கோட்டை விட்டோம்.

நோன்பாளியின் தாகமும் வெயிலில் டென்னிஸ் ஆடுபவனின் தாகமும் உடலளவிலும் ஒன்றல்ல. நோன்பு நாளில் மதியத்தில் ஒதுங்குகிறோம், வேலையைக் குறைக்கிறோம், ஸஹரில் உண்டு பருகியிருக்கிறோம். கடும் வெயிலில் டென்னிஸ் ஆடுபவருக்கோ ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் முதல் இரண்டு லிட்டருக்கும் மேல்கூட வியர்வை வெளியேறும். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே கால் தளரும், கவனம் சிதறும் என்று விளையாட்டு மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இதை வீட்டிலேயே அளந்து பார்த்தோம். அவனது பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பார்த்தோம். 52 கிலோவில் தொடங்கியவன் ஒன்றரை மணி நேரத்தில் 50.8 கிலோவுக்கு வந்திருந்தான். இடையில் அரை லிட்டர் குடித்தும் அந்த நிலை. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிற்று என்பது கணக்கு. அப்படியானால் ஒன்றரை மணி நேரத்தில் 1.7 லிட்டர் வியர்வை. அவனுடைய உம்மா அந்த எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தார். எங்கள் பாடங்களைவிட அந்த எண் அவனிடம் நன்றாக வேலை செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெறும் தண்ணீரும் போதாது. அவனுடைய கறுப்புத் தொப்பி காய்ந்தபின் அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு படியும், அது உப்பு. உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து அதுவே ஆபத்தாகலாம். நீண்ட ஆட்டங்களுக்கு இப்போது ஒரு பாட்டிலில் தண்ணீரும் மற்றொன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொண்டுபோகிறான். தூள் கிடைக்காத நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு. உப்பை மிகுத்துவிடக் கூடாது. (சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்.) தசைப்பிடிப்புக்கு நீரும் உப்பும் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது, பயிற்சிக்கு மீறி உழைத்த தசையும் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடையே மைக்கேல் சாங்கின் கதை ஒன்று உலவுகிறது. 1989-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓபன் போட்டியில், 17 வயதில், உலகின் முதல்நிலை வீரரான இவான் லெண்டிலை அவர் தசைப்பிடிப்புடனேயே வென்றார். ஐந்தாவது செட்டில் நேராக நிற்கவும் இயலாமல், பந்தைக் கீழிருந்து தட்டி சர்வீஸ் போட்டார். வலியைப் பொறுத்து வென்றார் என்று மட்டுமே எங்கள் மகன் கேட்டிருந்தான். இடைவேளைதோறும் அவர் தண்ணீர் குடித்ததையும் வாழைப்பழம் தின்றதையும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

டென்னிஸின் விதியே குடிப்பதற்கு இடம் வைத்திருக்கிறது. வீரர்கள் பக்கம் மாறும்போது 90 விநாடி கிடைக்கும். ஒரு செட் முடிந்தால் 120 விநாடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேமுக்குப் பின்னும் டை-பிரேக்கின்போதும் மட்டும் உட்காராமல் மாறிவிட வேண்டும். மற்ற வேளைகளில் நாற்காலி காத்திருக்கிறது. உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, மூன்று மூச்சில் பருகுவதற்கு 90 விநாடி தாராளம். சுன்னத்தைப் பேணினால் நேரம் போய்விடும் என்று அவன் எண்ணியிருந்தானாம்! தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இடைவேளைதோறும் சில மிடறு குடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஆட்டம் முடிந்தபின் செய்வது அதற்குக் குறைந்ததன்று. இழந்த எடைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு நீரை, ஒரே மூச்சில் அல்லாமல், அடுத்த சில மணி நேரத்தில் ஈடுசெய்ய வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளுக்குத் திரும்பினால் உடல் தேறுகிறது என்று பொருள். உடல் கொதிக்க, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம்; தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உணவுக்கு எங்கும் தேடவில்லை. நம் நோன்புக் கஞ்சியில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நீர் இருக்கிறது. களைத்த தசைக்கு வேண்டியவை இவைதாம். தேங்காய்ப்பாலை மட்டும் சற்றுக் குறைத்து, நோன்பில்லாத மாதங்களிலும் போட்டி நாள்களில் எங்கள் வீட்டில் கஞ்சி காய்கிறது. பக்கத்து வீட்டார் முதலில் வியந்தார்கள். இப்போது தூக்குவாளி அனுப்புகிறார்கள்.

ரமழானில் பகல் பயிற்சியை நிறுத்திவிட்டோம். நோன்பு திறந்து, உணவு செரித்தபின் விளக்கொளியில் சிறிது நேரம் ஆடுகிறான். அந்த மாதத்துப் போட்டிகளில் பெயர் கொடுப்பதில்லை. ஷவ்வாலின் ஆறு நோன்புகளைத் தொடர்ந்துதான் நோற்க வேண்டும் என்பதில்லை. ஆட்டமில்லாத நாள்களில் நோற்கிறான்.

சென்ற வாரம் மீண்டும் ஒரு போட்டி. மூன்று செட் ஆடித் தோற்றான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டில்கள் இரண்டும் காலியாக இருந்தன. வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே எடை பார்த்தான். அரைக் கிலோதான் குறைந்திருந்தது. பிறகு கஞ்சிக் கிண்ணத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.