புக்கிட் ரம்பாயில் ஒரு சனிக்கிழமை

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆயர் குரோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, நேராக ஜோங்கர் தெருவுக்குப் போய்விடுவார்கள். சிவப்புக் கட்டடத்தின் முன்னே ஒரு படம், குலா மலாக்கா ஊற்றிய ஒரு கிண்ணம் செண்டோல், இருட்டுவதற்குள் வீடு. நானும் பல வருடங்கள் அப்படித்தான் போய் வந்தேன். இந்த முறை சிம்பாங் அம்பாட்டிலேயே இறங்கி, புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். அக்கா வீடு அங்கேதான். வா, வா என்று அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப் போயிருந்தாள்.

புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் என்பது ஒரு பழம். லங்சாட்டின் தங்கை போல இருக்கும். மெல்லிய தோல், உள்ளே வெள்ளைச் சுளை, இனிப்பும் புளிப்பும் சரிபாதி. கிளைகளில் நீண்ட சரம் சரமாகத் தொங்கும். பெயரைக் கேட்டுவிட்டுப் பழமரக் குன்றைத் தேடிப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். தொழிற்பேட்டை, லாரிகள், தொழிற்சாலைப் பேருந்துகள், வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். இன்றைய புக்கிட் ரம்பாய் இதுதான்.

மலாயாவில் ரப்பர் வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்டது இந்த மாநிலத்தில்தான். 1896இல் டான் சே யான் என்ற மலாக்கா சீனர், புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். அதன் பிறகு வந்த தோட்டங்களுக்காக நம்மவர்கள் எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த கதை. அக்காவின் மாமியாருக்கு அது வெறும் கதையல்ல. லயத்தில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, காண்டா வாளி சுமந்தவர். தோட்டம் கைமாறியது. மரங்கள் போயின. மகன் தொழிற்சாலை வேலைக்குப் போனார். இப்போது அவர் தாமான் வீட்டின் முன்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளை எண்ணுகிறார்.

அவரிடம் தோட்டக் கதை கேட்டு எழுத வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் அன்று எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டியது அவருடைய பேத்தி. பதினாறு வயது, நான்காம் படிவம்.

சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பு முடிந்து அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். பையை முன்னிருக்கையின் காலடியில் எறிந்தாள். என் கைப்பேசியைக் கேட்காமலேயே எடுத்துப் பாட்டை மாற்றினாள். முதலில் ஒரு கொரியப் பாட்டு, அடுத்து நம்மூர்ப் பையன்கள் பாடிய தமிழ் ராப், அதற்கடுத்து இளையராஜா.

“இளையராஜா உனக்குமா?”

“அப்பா காரில் அதுதானே ஓடும். பிடிக்காமல் போனால் தப்பிக்க வழி ஏது?”

பசி என்றாள். நாசி லெமாக் வேண்டாமாம், தினமும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அதுதானாம். கிளேபாங் கடற்கரைக்குப் போய்த் தேங்காய் ஷேக் குடிக்க வேண்டுமாம். இளநீரையும் வழுக்கையையும் அரைத்து, மேலே ஐஸ்கிரீம் போட்டுத் தருவார்கள். வெளியூர்க்காரர்கள் அதற்காக வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்திலேயே கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். “கடலுக்குள்ளே இருக்க வேண்டியதை வெளியே வச்சிருக்காங்க, கடலைத் தூர்த்து நிலமாக்கிட்டாங்க. எங்க ஊரில் எல்லாமே தலைகீழ், சின்னம்மா.”

குடித்துக்கொண்டே கேட்டாள்: “காலையில் ரேடியோவில் ராசிபலன் வாசிக்கிறீங்களே, நீங்க நம்புறீங்களா?”

“எழுதி வருவதை வாசிக்கிறேன்.”

“அப்போ நான் மட்டும் ஏன் நம்பணும்? அம்மா அதைக் கேட்டுட்டு எனக்கு இன்னிக்குப் பேச்சில் கவனம் வேணும்னு சொல்றாங்க.”

பதில் சொல்ல முடியாமல் ஷேக்கைக் குடித்தேன்.

சாமி நம்பிக்கை உண்டா என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். மாசி மகத்துக்கு மலாக்கா பொய்யாத மூர்த்தி விநாயகர் கோவிலிலிருந்து செங் சன்னாசிமலை ஆலயத்துக்கு முருகனின் தேர் போகும். அந்தக் கோவில் 1781இல் எழுந்தது, இந்நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயங்களில் ஒன்று. இந்த வருடம் தேருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாளாம். “நம்புறேனான்னு தெரியலை. ஆனா தவில் சத்தம் கேட்டதும் கால் தானா நடந்துச்சு. அவ்வளவு பேர் ஒரே பக்கம் போறப்போ நான் வீட்டில் இருந்தா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு. இது நம்பிக்கையில் சேருமா?” என்றாள். சேரும் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் தஞ்சோங் கிளிங். ஊர்ப் பெயர்ப் பலகை அருகே நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

போன வருடம் வகுப்பில் ஒரு சண்டை. ஒரு கூட்டுப் பாட வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தொடங்கியது. அதில் ஒருத்தி இவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். நம்மில் பலர் ஒரு முறையாவது கேட்டிருக்கும் சொல். “இந்தப் பலகையில் இருக்கிற அதே சொல், சின்னம்மா. நான் தினமும் இந்தப் பக்கம் வர்றேன். ஆனா அன்னிக்குத்தான் முதல் தடவை வலிச்சுச்சு.”

எனக்கும் அதே வயதில் அது நடந்திருக்கிறது. நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. இன்று மைக்கின் முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

“நீ என்ன செய்தாய்?”

“அழலை. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.”

படித்ததை வரிசையாகச் சொன்னாள். அந்தப் பெயர் கலிங்கம் என்பதிலிருந்து வந்தது. பழைய மலாக்காவில் தென்னிந்திய வணிகர்களை அப்படித்தான் அழைத்தார்கள், அப்போது அது வசவு அல்ல. 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரிலும் அது இருக்கிறது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு, பெண்டாஹாரா பதவியைப் பெற்றவர் நீனா சத்து என்று அவர்களுடைய ஆவணங்கள் குறிப்பிடும் தமிழ் வணிகர். ஹங் துவாவின் கல்லறை என்று மக்கள் நம்பும் சமாதி இதே தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறது. அவருடைய காவியக் கதையில் அவரே கிளிங் நாட்டுக்குத் தூது போகிறார்.

“திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு இதெல்லாம் சொன்னேன். அவளுக்கும் தெரியாது. சாரி சொன்னாள். நாங்க இப்பவும் ஒரே மேசைதான்.” பிறகு மெதுவாகச் சேர்த்தாள்: “கோபம் முழுசாப் போகலை. அது பழைய காலத்தில் நல்ல சொல்லா இருந்துச்சுன்னா இப்போ சொன்னது சரின்னு ஆயிடாது, இல்லையா?”

ஆகாதுதான். வரலாறு தெரிந்தால் வலி போய்விடாது. ஆனால் தலையைக் குனிந்துகொள்ளாமல் இருக்கலாம். எனக்கு முப்பது கடந்த பிறகு புரிந்தது அவளுக்குப் பதினைந்திலேயே புரிந்துவிட்டது.

வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தின் காரணமும் அப்போதுதான் விளங்கியது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தால் ‘ஏ’க்களின் எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்று அக்காவுக்குக் கவலை. பல வீடுகளில் இருக்கும் கவலைதான், குறை சொல்வதற்கில்லை. மகளோ எடுத்தே தீருவேன் என்கிறாள். ஏன் என்று அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. “நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன்.”

மாலையில் வீடு திரும்பியபோது அத்தை முன்வாசலில் ஒரு பை ரம்பாய்ப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கம்பத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம். ஊரின் பெயரில் உள்ள பழத்தை இப்போது யாராவது கொடுத்தால்தான் உண்டு. பேத்தி தரையில் உட்கார்ந்து தோலை உரித்தாள். சாப்பாடு முடியும்வரை காத்திருக்கவில்லை. அப்போதே, பாட்டி முன்னாலும் அம்மா முன்னாலும் வகுப்பில் நடந்ததைச் சொன்னாள்.

அக்கா பேச்சில்லாமல் நின்றாள். அத்தைதான் முதலில் பேசினார்.

“எங்களையும் சொல்லியிருக்காங்க பாப்பா. தோட்டத்திலும் சொன்னாங்க, டவுன் கடையிலும் சொன்னாங்க. அது எங்கேருந்து வந்த பேருன்னு தெரியாமலேயே கேட்டுக்கிட்டு நின்னோம். நீ தெரிஞ்சுக்கிட்டே. இன்னும் படி.”

தமிழ்ப் பாடம் பற்றி அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. அக்கா “பார்க்கலாம்” என்றாள். காலையில் அவள் “வேண்டாம்” என்றல்லவா சொல்லியிருந்தாள்!

அடுத்த முறை மலாக்காவுக்குக் குடும்பத்தோடு போனால், ஜோங்கர் தெருவிலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம்கூட ஆகாது, தஞ்சோங் கிளிங் வழியாகப் புக்கிட் ரம்பாய் வரை ஒரு நடை போய் வாருங்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பெயர்ப் பலகை அருகே மட்டும் காரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பின்னிருக்கையில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு இருக்கும் பிள்ளையிடம் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகலாம். காத்திருங்கள்.